கலிங்குக்குக் கதவு கண்ட அறிஞர்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து இந்நகருக்கு வந்து குடியேறிய நம் முன்னோர்க்குக் கலிங்கு என்னும் சொல் புதியதன்று. ஏரி நிரம்பிய பின் வரும் மிகைநீர் கரையை உடைத்துவிடாமல் வழிந்தோடுதற்பொருட்டு, கரையின் ஓரிடத்தில் கல்லால் கட்டப்பட்ட தாழ்ந்த பகுதியே கலிங்கு எனப்படும். அதன் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நடப்பட்டிருக்கும். மழைக்காலம் முடியுந் தறுவாயில் ஊரார் அக்கற்களுக்கு இடையே பலகையும் மண்ணும் வைத்து அடைத்து, இன்னும் இரண்டோர் அடி நீரைத் தேக்கிக்கொள்வர். அந்த இரண்டடி நீரே பல ஊர்களில் கடைசிப் பயிரைக் காப்பாற்றிக் கொடுத்தது.

ஆயினும் அதில் ஒரு பேராபத்தும் உண்டு. அடைத்துவிட்டு ஊரார் உறங்கும் நள்ளிரவில் பெருமழை கொட்டி, அடைப்பை நீக்க ஒருவரும் செல்ல இயலாது போயின், கரையே உடைந்து ஊரை அழித்துவிடும். நீரை இயன்ற அளவு மிகுதியாகத் தேக்கவும் வேண்டும். வெள்ளம் வந்தால் அந்தக் கணமே வழிவிடவும் வேண்டும். இரண்டையும் ஆள் துணையின்றிச் செய்ய வல்லது எது? நூற்றாண்டுகளாக நம் உழவர் கண்ட இந்தச் சிக்கலுக்கு, பூனா நகரை அடுத்த ஒரு பேரணையில், இரும்புக் கதவுகளால் விடை கண்டவர் ஒருவர். 1903ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அவரே பின்னாளில் மைசூர்ச் சமஸ்தானத்தின் திவானாக விளங்கிய மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா.

கண்ணம்பாடி அணையைக் கட்டியவர் என்ற அளவில் அவரை அறியாதார் நம்முள் இலர். ஆனால் அவர் ஒரு கண்டுபிடிப்பாளர் என்பதும், தாம் கண்டுபிடித்த பொருளின் பயனைத் தமக்கென்று கொள்ள மறுத்தவர் என்பதும் பலரும் எண்ணிப் பாராத செய்திகள். ஆகவே இவ்வாண்டு விழா மலரில் அந்தக் கதவினை வாயிலாகக் கொண்டே அவர் வாழ்க்கைக்குள் நுழையக் கருதுகின்றோம். அன்றியும், காக்ஸ் டவுனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம்முள் எந்திரத் தொழிற்சாலைகளில் உழைத்து ஓய்வு பெற்றோர் பலர். கணிப்பொறித் துறையிலும் பொறியியல் துறையிலும் இன்று உழைக்கும் இளைஞர் மிகப் பலர். ஒருவன் கூலிக்கு வேலை செய்யும் காலத்தில் அவன் மூளையில் உதித்த பொருள் யாருக்குச் சொந்தம் என்னும் கேள்வி அவர்கள் எல்லார்க்கும் உரிய கேள்வியே.

விசுவேசுவரய்யாவின் முன்னோர் ஆந்திர நாட்டு மோட்சகுண்டத்திலிருந்து மைசூர்ச் சீமைக்கு வந்து குடியேறியவர்கள். ஊரை விட்டு வந்தும் ஊர்ப்பெயரை அவர்கள் விடவில்லை; அது குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது. புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இச்செய்தி தனி இன்பம் தருவதாகும். சிக்கபள்ளாப்பூருக்கு அருகிலுள்ள முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில், சீனிவாச சாஸ்திரியாருக்கும் வெங்கடலட்சுமம்மையாருக்கும் மகனாக ஒரு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் அவர் பிறந்தார். நாடு முழுவதும் அந்நாளையே இப்போது பொறியாளர் நாளாகக் கொண்டாடி வருகின்றது.

இளமையிலேயே தந்தையை இழந்தார். பெங்களூரில் வாழ்ந்த தாய்மாமனின் ஆதரவில் கல்வியைத் தொடர்ந்தார். மத்தியக் கல்லூரியில் பயின்ற நாள்களில், குடகு நாட்டைச் சேர்ந்த ஓர் அதிகாரியின் இல்லத்தில் தங்கி, அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துத் தம் செலவுக்கு வழி தேடிக்கொண்டார். அக்காலத்தில் அக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. எனவே 1881இல் அவர் பெற்ற இளங்கலைப் பட்டம் நம் சென்னையின் பட்டமே ஆகும். பின்னர்ச் சமஸ்தானத்தின் உதவிச் சம்பளம் பெற்றுப் பூனாவிலிருந்த அறிவியற் கல்லூரியில் பொறியியல் பயின்று, 1883ஆம் ஆண்டுத் தேர்வில் முதன்மை பெற்றார். அடுத்த ஆண்டிலேயே பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக அமர்ந்தார்.

பம்பாய் மாகாணம் அந்நாளில் சிந்து வரை பரந்து கிடந்தது. சக்கர் என்னும் ஊருக்குக் குடிநீர் வழங்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. சிந்து நதியின் நீரோ வண்டல் நிறைந்து கலங்கியது. நீரை வடிகட்டத் தனித் தொட்டிகள் கட்டுவதற்கு நகராட்சியிடம் போதிய பணம் இல்லை. ஆற்று மணலையே வடிகட்டியாகக் கொள்ளும் வகையில் கிணறு தோண்டித் தெளிந்த நீரைப் பெறுமாறு அவர் செய்தார். கையில் உள்ளதைக் கொண்டு காரியத்தை முடிக்கும் இந்த இயல்பே அவருடைய பிற்காலப் பெருஞ்செயல்களுக்கெல்லாம் வித்து எனலாம்.

பூனா நகருக்கும் அதனைச் சார்ந்த படைக் குடியிருப்புக்கும் நீர் தந்தது முட்டா நதியின் குறுக்கே கட்டப்பட்ட கடக்வாஸ்லா அணை. அதன் நீர்த்தேக்கத்துக்கு ஃபைஃப் ஏரி என்று பெயர். மழைக்காலத்தில் அணையின் கலிங்கு மீது ஆறு முதல் எட்டு அடி உயரத்துக்கு வெள்ளம் வழிந்து வீணாகும். மழை நின்றபின் கலிங்கின் மட்டத்துக்கு மேல் ஒரு துளி நீரும் நில்லாது. நகரும் வளர்ந்தது, கால்வாய்ப் பாசனமும் வளர்ந்தது, நீர் போதவில்லை. அணையை உயர்த்துவதோ பெருஞ்செலவு. அன்றியும் பழைய கட்டடத்தின் மேல் புதுச்சுமையை ஏற்றினால் அது தாங்குமோ என்னும் அச்சமும் உண்டு.

விசுவேசுவரய்யா அணையை உயர்த்தவில்லை. கலிங்கின் மேல் கதவுகளை அமைத்தார். பெருவெள்ளக் காலத்தில் எந்த மட்டம் வரை நீர் நின்று அணை முன்பே தாங்கியிருந்ததோ, அந்த மட்டம் வரை எக்காலத்தும் நீரை நிறுத்தி வைப்பதே அவர் கருத்து. ஆகவே அணைக்குப் புதிய ஆபத்து ஒன்றும் இல்லை. கிடைத்ததோ எட்டடி உயர நீர். தேக்கத்தின் கொள்ளளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடிற்று.

கதவு தானே திறப்பது எவ்வாறு? தராசினை எண்ணிப் பார்த்தால் இதன் தத்துவம் எளிதில் விளங்கும். ஒரு தட்டில் கதவு. மறு தட்டில் அதனைச் சமன் செய்யும் எடை. இரண்டும் உருளையின் மேல் செல்லும் சங்கிலியால் பிணைக்கப்பட்டுள்ளன. நீர் குறித்த மட்டத்துக்கு ஏறியதும், அந்நீரே வழிந்து எடை தொங்கும் தொட்டியினுள் புகுகின்றது. நீரில் அமிழ்ந்த பொருள் எடை குறைந்தது போல் ஆகிவிடும் என்பதைக் கிணற்றில் குடத்தை இழுத்தவர் யாவரும் அறிவர். உடனே தராசின் சமநிலை மாறுகின்றது. கதவு நகர்ந்து வழிவிடுகின்றது. வெள்ளம் தணிந்து மட்டம் இறங்கியதும் தொட்டி வடிய, எடை பழைய நிலையை அடைந்து, கதவு மீண்டும் அடைத்துக்கொள்கின்றது. ஆளும் வேண்டா, நீராவியும் வேண்டா, மின்சாரமும் வேண்டா. எந்த நீரைக் காக்க வேண்டுமோ, அந்த நீரே காவற்காரனாகவும் நிற்கின்றது.

காப்புரிமை என்பது நம் நாட்டுக்கு அப்போது முற்றிலும் புதியதன்று. 1856ஆம் ஆண்டிலேயே அதற்கெனச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 3ஆம் நாள் கல்கத்தாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்பிரட் டி பென்னிங் என்பவர் முதல் விண்ணப்பத்தைக் கொடுத்தார். அவர் கண்டது யாது எனின், பங்கா இழுக்கும் பொறி! வெள்ளைக்காரத் துரைமார்களின் மாளிகைகளிலும், நம் தண்டுப் பகுதியின் பங்களாக்களிலும், தாழ்வாரத்தில் அமர்ந்து நாள் முழுதும் கயிற்றை இழுத்த ஏழைகளின் வேலையைப் பொறியிடம் ஒப்படைக்க முயன்றதே நம் நாட்டுக் காப்புரிமை வரலாற்றின் முதல் ஏடு. சட்டம் பின்னர் 1859இலும் 1888இலும் திருத்தி அமைக்கப்பட்டது. விசுவேசுவரய்யா விண்ணப்பித்தபோது நடைமுறையில் இருந்தது 1888ஆம் ஆண்டுச் சட்டமே. புதுப்பொருளைக் கண்டவர் அதன் அமைப்பை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாகப் 14 ஆண்டுகள் அதனைச் செய்யவும் விற்கவும் அவருக்கே தனியுரிமை உண்டு. பின்னர்ப் பொருள் ஊருக்குப் பொதுவாகிவிடும். இதுவே அவ்வேற்பாட்டின் சாரம்.

அந்த உரிமையைக் கொண்டு உலகில் பிறர் என்ன செய்தனர் என்பதையும் இங்கு நோக்குதல் தகும். அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் தம் வானவூர்திக்கு 1906இல் காப்புரிமை பெற்றனர். அதன்பின் அவர்களுடைய காலத்தின் பெரும்பகுதி நீதிமன்ற வழக்குகளிலேயே கழிந்தது. 1917இல் உலகப் போர் நெருக்கிய வேளையில்தான் அந்நாட்டு வானவூர்தி உற்பத்தியாளர் தம் உரிமைகளை ஒரு பொதுத் தொகுப்பில் சேர்த்து வழக்குகளுக்கு முடிவு கண்டனர். நம் நாட்டு ஜகதீச சந்திர போசோ, ஆராய்ச்சியின் பயனை விற்பதில் விருப்பமில்லாதவர். நண்பர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கியே மின்னலைகளை உணரும் கருவிக்கு அமெரிக்காவில் 1904ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். பம்பாயிற் பிறந்த சங்கர் ஆபாஜி பிசே, அச்செழுத்து வார்க்கும் பொறிகளைக் கண்டு, அவற்றை உருவாக்கும் முதலைத் தேடி இலண்டனுக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் சென்று, 1935இல் அந்நாட்டிலேயே உயிர் நீத்தார். ஒருவர் உரிமைக்காகப் போராடினார்; ஒருவர் உரிமையை வேண்டாவென எண்ணினார்; ஒருவர் உரிமையைப் பெற்றும் முதலுக்கு அலைந்தார்.

விசுவேசுவரய்யா சென்ற வழி இம்மூன்றினும் வேறானது. அவர் காப்புரிமையைப் பெற்றார். ஆனால் அரசினர் தம் அணைகளில் அக்கதவினை அமைத்தபோது தமக்குரிய உரிமைத் தொகையை ஏற்க மறுத்தார். அரசாங்கப் பணியில் சம்பளம் பெற்றுக்கொண்டிருந்த காலத்தில், அப்பணியின் பொருட்டே தாம் கண்ட பொருளுக்கு மீண்டும் ஒரு கூலி பெறுதல் தகாது என்பதே அவர் கொள்கை என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அக்கதவுகள் பின்னர்க் குவாலியரின் திக்ரா அணையிலும், காவிரியின் கண்ணம்பாடி அணையிலும் அமைக்கப்பட்டன. கண்ணம்பாடியிலோ அவரே தலைமைப் பொறியாளர். எந்தக் கதவு வேண்டும் என்று தீர்மானிப்பவரும் அவர். அக்கதவைக் கண்டவரும் அவர். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு தொகை அவர் கைக்கு வருமாயின், இந்த அணைக்கு இந்தக் கதவுதான் ஏற்றது என்று அவர் சொல்லும் சொல்லை யார் ஐயமின்றி நம்புவர்? அவர் துறந்தது ஒரு தொகையை. காத்தது தம் சொல்லின் மதிப்பை.

1908இல் அவர் பம்பாய் அரசுப் பணியிலிருந்து தாமே விலகினார். அத்துறையின் தலைமைப் பதவி ஆங்கிலேயர்க்கே உரியதாக இருந்த காலம் அது. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் ஐதராபாத்தில் மூசி நதி பெருக்கெடுத்துப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. நிசாம் அரசினர் அவரை அழைத்தனர். நகருக்கு மேற்புறத்தில் இரு பெரு நீர்த்தேக்கங்களைக் கட்டி வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தும் திட்டத்தை அவர் வகுத்துக் கொடுத்தார். உஸ்மான் சாகர் 1920இலும், இமாயத் சாகர் 1927இலும் முற்றுப்பெற்றன.

1909இல் மைசூர் அரசு அவரைத் தலைமைப் பொறியாளராக ஏற்றது. சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902ஆம் ஆண்டு முதல் கோலார் தங்கவயலுக்குச் சென்றுகொண்டிருந்தது. தங்கவயலின் ஆழ்ந்த சுரங்கங்களில் உழைத்தோரில் பெரும்பாலோர் ஆற்காட்டு மாவட்டங்களிலிருந்து சென்ற நம் தமிழ் மக்களே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1905இல் பெங்களூர்த் தெருக்களிலும் அம்மின்சாரமே விளக்கேற்றியது. ஆனால் கோடையில் ஆறு மெலியும்போது மின்சாரமும் மெலிந்தது. ஆற்றை ஓரிடத்தில் தேக்கி ஆண்டு முழுவதும் ஒரே சீராக விடுவதன் பொருட்டும், மாண்டியாப் பகுதிக்குப் பாசனம் தரும் பொருட்டும், நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவோடு 1911இல் கண்ணம்பாடியில் வேலை தொடங்கிற்று. சிமெண்டு அயல்நாட்டிலிருந்து வரவேண்டியிருந்தமையால், சுண்ணாம்போடு செங்கற்பொடி கலந்த சுர்க்கிக் காரையைக் கொண்டே அப்பேரணையை எழுப்பினர்.

காவிரியைப் பற்றிப் பேசும்போது நம் உள்ளம் இரு பக்கமும் இழுக்கப்படுதல் இயல்பே. தஞ்சை உழவன் நம் உறவினன். இந்நகரோ நம்மை வாழ்வித்த நகர். கண்ணம்பாடித் திட்டத்தைக் கேட்டுச் சென்னை மாகாணத்தார் அஞ்சியது காரணமற்ற அச்சமன்று. மேலே ஒருவர் கதவை அடைத்தால் கீழே உள்ளவர்க்கு நீர் எப்போது வரும் என்பது நியாயமான கேள்வியே. அதனால் முதலில் 80 அடி உயரத்துக்கே இசைவு கிடைத்தது. ஆனால் விசுவேசுவரய்யா தாம் எண்ணிய 124 அடிக்கும் ஏற்ற அகலத்தோடு அடித்தளத்தை இட்டார்! பல்லாண்டு வாதத்துக்குப் பின்னர் 1924ஆம் ஆண்டு பிப்ரவரியில் இரு அரசுகளுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்வழி நமக்கு மேட்டூர் அணை வாய்த்தது. அது 1934இல் முற்றுப்பெற்றது. எனினும் வழக்கு அத்தோடு ஓயவில்லை. 1991ஆம் ஆண்டு இறுதியில் இந்நகர் கண்ட துயர நாள்களை நம்முள் மூத்தோர் மறந்திலர். இரும்புக் கதவுக்கு எந்த மட்டத்தில் திறக்க வேண்டும் என்பதை ஓர் அறிஞர் கற்பித்துவிட்டார். இரு மாநிலத்தாருக்கும் அவ்வாறு ஒரு மட்டத்தைக் குறித்துத் தருவது அதனினும் அரிய வேலையாகவே இருந்து வருகின்றது.

1912இல் அவர் திவானானார். அப்பொறுப்பை ஏற்குமுன் சுற்றத்தாரை அழைத்து, தம்மிடம் எவ்விதச் சலுகையும் கேட்டு வருதல் ஆகாது என்று சொல்லிவிட்டே ஏற்றார் என்பர். 1913இல் மைசூர் வங்கியும், 1915இல் கன்னட இலக்கியப் பரிஷத்தும், 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகமும் அவர் காலத்தில் தோன்றின. இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அந்நாளில் நம் காக்ஸ் டவுன் உள்ளிட்ட தண்டுப் பகுதி ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்தது. திவானின் ஆணை பேட்டைப் பகுதியோடு நின்றுவிடும். 1947ஆம் ஆண்டிலேயே இப்பகுதி மைசூரோடு மீண்டும் இணைந்தது. எனவே நம் பாட்டனார்க்கு அவர் அடுத்த ஊர்த் திவானே. ஆயினும் அவர் எழுப்பிய நிறுவனங்களின் நிழலில் அவர்தம் பேரர்கள் படித்தார்கள், பிழைத்தார்கள்.

குணம் நாடுவதோடு குற்றமும் நாட வேண்டும் அன்றோ? பிராமணரல்லாத வகுப்பினர்க்கு அரசுப் பணிகளில் உரிய இடம் தருவது பற்றி ஆராய 1918இல் மன்னர் லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். தகுதியே அளவுகோலாக இருத்தல் வேண்டும் என்று கருதிய விசுவேசுவரய்யா இதற்கு இசையவில்லை. அவ்வாண்டு இறுதியில் பதவியிலிருந்து விலகினார். இவ்வகையில் நம் எண்ணம் அவர் எண்ணமன்று. பல தலைமுறைகளாக அடைபட்டுக் கிடந்த கதவு தகுதி ஒன்றினால் மட்டும் தானே திறந்துகொள்வதில்லை. திறந்துவிட ஒரு கை வேண்டியிருந்தது. தாம் ஏழைமையிற் பயின்று முன்னேறியது போலவே எல்லாரும் முன்னேறலாம் என்று அவர் நம்பினார் போலும்! ஆயினும் உடன்பாடில்லாத கொள்கையை நடத்திக்கொண்டு பதவியில் ஒட்டிக்கொண்டிராமல், வெளியேறிய நேர்மையை மாற்றாரும் மதிப்பர்.

பதவி நீங்கிய பின்னரும் அவர் ஓய்ந்தாரல்லர். நட்டத்தில் தள்ளாடிய பத்ராவதி இரும்பாலையை 1923 முதல் தலைவராயிருந்து நிலைநிறுத்தினார். அங்கு அவருக்குச் சேர வேண்டிய ஊதியம் பெருந்தொகையாகத் திரண்டபோது, அதனைத் தமக்கென்று கொள்ளாமல் இளைஞர்க்குக் கைத்தொழில் கற்பிக்கும் ஒரு நிலையத்துக்கு உரியதாக்கினார். தம் பெயரையும் அதற்கு இடவில்லை. பெங்களூர்ச் சேஷாத்ரி சாலையில் உள்ள ஜெயசாமராஜேந்திரத் தொழிற்பயிலகமே அது. நம் அன்பர்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர் அதன் வாயிலைக் கடந்து சென்று தொழில் கற்றுள்ளனர். 1955இல் பாரத ரத்னா விருது அவரை அடைந்தது. 1960ஆம் ஆண்டு அவருடைய நூற்றாண்டினைச் சிறப்பித்து அஞ்சல் தலை வெளிவந்தது. அதனைக் காண அவரும் உயிரோடிருந்தார். 1962 ஏப்ரலில், நூறாண்டு கடந்த நிலையில், பெங்களூரில் இயற்கை எய்தினார்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். இவ்வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களோடு ஒரு மாலை பேசிக்கொண்டிருந்தபோது, கடைசல் எந்திரத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் உழைத்த முதியவர் ஒருவர் எதிர்க்கேள்வி தொடுத்தார். அவர் ஒரு தொழிற்சாலையில் பணியாற்றிய காலத்தில், கோணலான வார்ப்புகளை இறுகப் பிடித்துக் கடைவதற்கு ஒரு பிடிப்பானைத் தாமே செய்தாராம். நாளில் பாதி வேலை மிச்சமாயிற்றாம். அவருக்குக் கிடைத்தது ஒரு பேனாவும் ஒரு கைகுலுக்கலும். பின்னர் அப்பிடிப்பான் அதிகாரி ஒருவரின் பெயரால் பாராட்டப் பெற்றது. பெருஞ்சம்பளமும் ஓய்வூதியமும் உடையவர்க்கு உரிமைத் தொகையை வேண்டாவென்று சொல்வது எளிது. அன்றாடங்காய்ச்சிக்கும் அதையே அறமாகச் சொல்லலாமா என்று அவர் வினவினார்.

நாம் உடனே விடை கூற இயலாது விழித்தோம். பின்னர் எண்ணிப் பார்க்குங்கால் இரு செய்திகள் தெளிவாகின்றன. விசுவேசுவரய்யா தமக்கு விதித்துக்கொண்ட நெறியைப் பிறர் தலையில் ஏற்றுதல் முறையன்று. ஊதியத்தைத் துறக்கும் உரிமை உழைத்தவனுக்கே உண்டு. உழைப்பித்தவர் அவன் சார்பில் துறந்துவிட முடியாது. இது முதலாவது. அவர் தொகையைத்தான் துறந்தாரேயன்றிப் பெயரைத் துறக்கவில்லை. காப்புரிமை ஏட்டில் கண்டவர் பெயராக அவர் பெயர் ஏறிற்று. அந்த ஏடு இருந்தமையால்தான் இக்கதவு யார் அறிவில் தோன்றியது என்பதை நாம் இன்றும் ஐயமின்றிச் சொல்ல முடிகின்றது. இது இரண்டாவது. முதியவர்க்கு மறுக்கப்பட்டது பணம் மட்டுமன்று, அவர் பெயருமாகும். முன்னதைக் காட்டிலும் பின்னதே அவரை வருத்தியது என்பதை அவர் முகமே காட்டிற்று.

இன்று நடைமுறையில் உள்ளது 1970ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் திருத்தங்களும். உரிமைக் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். பணியாளர் கண்ட பொருள் யாருக்குரியது என்பதை இச்சட்டம் தனியே வரையறுக்கவில்லை. வேலையிற் சேரும்போது கையெழுத்திடும் ஒப்பந்தமே பெரும்பாலும் அதனை முடிவு செய்கின்றது. ஆகவே நம் பிள்ளைகள் அத்தாளைப் படித்துப் பார்த்தே கையொப்பமிடுவாராக. ஆனால் பொருளின் உரிமை யாரிடம் சென்றாலும், அதனை மெய்யாகக் கண்டவர் தம் பெயரைக் காப்புரிமையில் குறிக்குமாறு கேட்பதற்கு அச்சட்டமே வழி வகுத்துள்ளது. கருநாடகத்தார் விண்ணப்பிக்க வேண்டிய காப்புரிமை அலுவலகம் சென்னையில் இருக்கின்றது என்பதும் நினைவிற் கொள்ளத் தக்கது.

கலிங்குக்குக் கதவு கண்ட அப்பெருந்தகையை வணங்குவோம். தமக்கு வரவேண்டியதை வேண்டாவென்ற அவர் உள்ளத்தைப் போற்றுவோம். பிறர்க்கு வரவேண்டியதை மறைக்காதிருத்தலையும் அவரிடமிருந்தே கற்போம். மேலே கூறிய முதியவர் இதையெல்லாம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர், பொறியியல் பயிலும் தம் பேத்தியை அருகழைத்து, விண்ணப்பத் தாளில் கண்டவர் பெயர் எழுதும் இடம் எது என்பதைப் பார்த்து வைத்துக்கொள்ளுமாறு சொன்னார்.